‘கவனமாக இரு’ என்றால் போதுமா? – பணியிடப் பாதுகாப்பைக் கற்பிக்க நான்கு பாடவேளைகள்

வேலை செய்யும் இடத்தில் விபத்தும் நோயும் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கேள்வியை எப்போது கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: “கவனமாக இருக்கணும் சார்.” சற்றுத் தூண்டினால் கையுறை, முகக்கவசம், தலைக்கவசம் என்று பட்டியல் நீளும். இவை தவறான பதில்கள் இல்லை. ஆனால் இரண்டுமே பொறுப்பு முழுவதையும் வேலை செய்பவர் தலையில் வைக்கின்றன. அடிபட்டவர் கவனமாக இல்லை, நோய் வந்தவர் முகக்கவசம் போடவில்லை என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களின் வீடுகளில் கட்டட வேலை, தையல், பெயின்ட் அடித்தல், மாவு மில், துணிக்கடை, உப்பளம், லாரி எனப் பலவகை உழைப்பு இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகளும் ஏதோ ஒரு பணியிடத்துக்குள் நுழைவார்கள். அப்போது “இந்த வேலையில் எதை மாற்றினால் ஆபத்து குறையும்?” என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக, கார்பனின் புறவேற்றுமை வடிவங்களை நடத்தி முடித்ததும் இந்த நான்கு பாடவேளைகளை எடுக்கிறேன். ஆய்வகம், சிறப்புக் கருவிகள் எதுவும் தேவையில்லை. ஒரு தீப்பெட்டியும் ஒரு பலப்பமும் போதும்.

முதல் பாடவேளை: தீப்பெட்டி

தீப்பெட்டியை உயர்த்திக் காட்டி, “குச்சியின் தலையைச் சுவரில் உரசினால் பற்றுமா?” என்று கேட்கிறேன். பற்றாது. பெட்டியின் பக்கவாட்டில் உரசினால்தான் பற்றும். காரணம், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் இதற்குப் ‘பாதுகாப்புத் தீக்குச்சி’ என்று பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருமளவில் விற்ற தீக்குச்சிகள் வேறு வகை. அவற்றின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எதில் உரசினாலும் பற்றும். வெள்ளைப் பாஸ்பரஸ் காற்றில் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது. அதனால்தான் அதை நீருக்கடியில் வைக்கிறார்கள். அதன் ஆவியை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு தாடை வீங்கும், சீழ் பிடிக்கும், தாடை எலும்பே அழுகும். பலருக்குத் தாடையை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. பலர் இறந்தார்கள்.

1888-ஆம் ஆண்டு இலண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் எழுதி வெளியே கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவரும், 1917-இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானவரும் இவரே. சமூக அறிவியல் பாடத்தில் தன்னாட்சி இயக்கத்தோடு சேர்த்துப் படித்த பெயர் தீப்பெட்டித் தொழிலாளர் கதையில் வருவதைக் கண்டு மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தப் பெண்கள் பெற்ற உரிமைகளில் ஒன்று, சாப்பிடத் தனி அறை. அதுவரை வேலை செய்யும் மேசையிலேயே சாப்பிட்டார்கள். பாஸ்பரஸ் உணவோடு சேர்ந்து உள்ளே போயிற்று. “கை கழுவிவிட்டுக் கவனமாகச் சாப்பிடு” என்று சொல்லியிருந்தால் போதுமா, தனி அறை எதற்கு என்று மாணவர்களிடம் கேட்டு, பதிலைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்த பாடவேளையில் இது உதவும்.

இப்போது இந்தப் பாடத்தின் மையமான செய்தி. சிவப்புப் பாஸ்பரஸ் 1840-களிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. தாடையை அழுகவைக்கும் நச்சு அதற்கு இல்லை. 1850-களில் சுவீடனில் அதை வைத்துப் பாதுகாப்புத் தீக்குச்சிகளைச் செய்து விற்கவும் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் வெள்ளைப் பாஸ்பரஸ் மலிவாக இருந்ததால் தொழிற்சாலைகள் அதைக் கைவிடவில்லை. பன்னாட்டு அளவில் அதைத் தடை செய்யும் பெர்ன் உடன்படிக்கை 1906-இல்தான் உருவானது. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் 1913-இல் வந்தது.

கரும்பலகையில் ஒரு காலக்கோடு வரைந்து 1850-களையும் 1906-ஐயும் குறிக்கச் சொல்கிறேன். இடையில் ஐம்பது ஆண்டுகள். அந்த ஐம்பது ஆண்டுகளில் தாடை இழந்தவர்கள் கவனக்குறைவால் இழந்தார்களா? இந்தக் கேள்வியோடு மணி அடித்துவிட வேண்டும். விடையை நாம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் பாடவேளை: ஐந்து படிகள்

தொழில்சார் நலவாழ்வுத் துறையினர் ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஐந்து படிகளாக வரிசைப்படுத்துகிறார்கள். மேலே இருப்பது மிக வலுவானது. கீழே வரவர வலு குறையும். இதைக் கரும்பலகையில் ஏணியாக வரைகிறேன்.

1. நீக்குதல்: ஆபத்தை அடியோடு எடுத்துவிடுவது. உயரத்தில் ஏறிச் செய்யும் வேலையைத் தரையிலேயே செய்து முடித்துப் பிறகு மேலே ஏற்றுவது இதற்கு எடுத்துக்காட்டு.
2. மாற்றுப்பொருள்: ஆபத்தான பொருளுக்குப் பதில் ஆபத்து குறைந்ததைப் பயன்படுத்துவது. வெள்ளைப் பாஸ்பரசுக்குப் பதில் சிவப்புப் பாஸ்பரஸ்.
3. தடுப்பமைப்பு: ஆபத்துக்கும் ஆளுக்கும் இடையில் ஒரு தடுப்பை வைப்பது. இயந்திரப் பட்டைக்கு மூடி, தூசியை உறிஞ்சும் குழாய், மாடி விளிம்பில் கைப்பிடித் தடுப்பு.
4. வேலைமுறை: நேரம், சுழற்சி, ஓய்வு, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. நண்பகல் வெயிலைத் தவிர்த்து வேலை நேரத்தை மாற்றுவது இந்தப் படியில் வரும்.
5. தற்காப்பு உடை: கையுறை, முகக்கவசம், தலைக்கவசம், பாதுகாப்புக் கயிறு.

மாணவர்கள் முதலில் சொன்ன விடைகள் எந்தப் படியில் இருக்கின்றன என்று அவர்களையே தேடச் சொல்ல வேண்டும். எல்லாம் நான்காம், ஐந்தாம் படிகளில்தான் இருக்கும். ஏன் அவை கீழே இருக்கின்றன? முகக்கவசம் வேலை செய்ய வேண்டுமானால் சரியான வகை வாங்கித் தர வேண்டும், முகத்தில் பொருந்த வேண்டும், மே மாத வெயிலிலும் எட்டு மணி நேரம் கழற்றாமல் இருக்க வேண்டும், கிழிந்ததும் மாற்ற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு இல்லை. உறிஞ்சு குழாயோ யார் மறந்தாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மனிதர் களைப்படைவார், மறப்பார், அவசரப்படுவார் என்பதை ஏற்றுக்கொண்டு அமைத்தவை மேல்படிகள். ஐந்தாம் படி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மேலே உள்ளவற்றைச் செய்த பிறகும் மிஞ்சும் ஆபத்துக்கு அது தேவை.

இங்கே பலப்பத்தை எடுக்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில் பலப்பம் செய்யும் தொழில் நடந்துவந்தது. பாறையை மின் ரம்பத்தால் மெல்லிய குச்சிகளாக அறுப்பார்கள். அப்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கும். நுரையீரலின் காற்று நுண்ணறை வரை செல்லும் துகள், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது, கண்ணுக்குத் தெரியாது. அது அங்கே தங்கித் தழும்பை உண்டாக்கும். அந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். மந்த்சௌரில் பலர் இள வயதிலேயே இந்த நோயால் இறந்தார்கள். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்கே ஆய்வுகள் செய்தது; ரம்பத்தின் அருகிலேயே தூசியை உறிஞ்சும் அமைப்புகள் பொருத்தப்பட்டன. இது ஏணியின் எந்தப் படி என்று கேட்டால் வகுப்பே மூன்று என்று சொல்லும். பலப்பத்தை வேறு பொருளால் செய்ய முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் இரண்டாம் படிக்கு ஏறிவிட்டாள்.

நேரம் இருந்தால் கழிவுநீர்த் தொட்டியையும் இந்த ஏணியில் வைத்துப் பார்க்கலாம். அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும். செறிவு கூடியதும் மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாற்றம் வந்தால் வெளியே வந்துவிடலாம்’ என்ற கவனம் அங்கே பயன்படாது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து இறப்பது இதனால்தான். மனிதரை உள்ளே இறக்காமல் இயந்திரத்தால் சுத்தம் செய்வதே முதல் படி. ஆபத்தான முறையில் மனிதரைக் கொண்டு சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

மூன்றாம் பாடவேளை: “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?”

இத்தாலியின் மொடேனா நகரில் வாழ்ந்த மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தம் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்தவர் ஏன் இவ்வளவு அவசரமாக வேலை செய்கிறார் என்று கேட்டார். நீண்ட நேரம் உள்ளே இருந்தால் கண் எரிந்து பார்வையே போய்விடும் என்று அவர் பதில் சொன்னார். அந்த உரையாடலுக்குப் பிறகு ராமசினி பட்டறைகளுக்கு நேரில் சென்று தொழிலாளர்களைப் பார்த்தார். 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார்.

இதைச் சொல்லி, வீட்டுப்பாடமாக ஒரு நேர்காணல் தருகிறேன். மூன்றே கேள்விகள்:

• ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்த நிலையில் வேலை செய்கிறீர்கள் – நின்றா, குனிந்தா, உட்கார்ந்தா?
• உடம்பில் எங்கே வலி, எரிச்சல், இருமல்? விடுமுறை நாளில் அது குறைகிறதா?
• இந்த வேலையில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

இரண்டாவது கேள்வியின் பிற்பகுதி முக்கியமானது. விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடும் தொல்லைக்கு வேலையோடு தொடர்பு இருக்கலாம். மருத்துவர்களும் இதைத்தான் கேட்பார்கள். இருமலோடு மருத்துவமனைக்குச் செல்பவர், “நான் கல் உடைக்கிறேன்” என்று தாமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் நோய் சரியாக இனம்காணப்பட வாய்ப்புக் கூடும்.

இந்தச் செயல்பாட்டில் ஆசிரியர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் தொழிலைக் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதாக ஆகிவிடும். ஆகவே “உன் அப்பா, அம்மா என்ன வேலை?” என்று நான் கேட்பதில்லை. “உனக்குத் தெரிந்த உழைப்பாளர் ஒருவரிடம் பேசி வா” என்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், பேருந்து நடத்துநர், பள்ளியின் தூய்மைப் பணியாளர் யாராகவும் இருக்கலாம். தாளில் அவர் பெயர், மாணவர் பெயர், உறவுமுறை எதுவும் இருக்காது. தாள்களை ஒரு பெட்டியில் போடச் சொல்லி, கலைத்து, நானே படிக்கிறேன். எந்தத் தொழிலைப் படிக்கும்போதும் சிரிப்பு எழுந்தால் அங்கேயே நிறுத்திப் பேசிவிட வேண்டும்.

நான்காம் பாடவேளை: தாள்களும் ஏணியும்

குழுவுக்கு இரண்டு தாள்கள். ஒவ்வொரு தாளிலும் உள்ள ஆபத்துக்கு, ஏணியின் மேல்படியிலிருந்து தொடங்கித் தீர்வு தேட வேண்டும். ‘கவனமாக இருக்க வேண்டும்’ என்ற விடைக்கு இந்தப் பாடவேளையில் இடமில்லை.

சென்ற ஆண்டு வந்த தாள்களில் ஒன்று துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்மணியுடையது. பத்து மணி நேரம் நிற்கிறார். மாலையில் கால் வீங்குகிறது, காலில் நரம்பு புடைத்துத் தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை குறைகிறது. குழு முதலில் ‘தைலம் தேய்க்கலாம்’ என்றது. பிறகு ‘நல்ல செருப்பு’ என்றது. கடைசியில் ஒரு மாணவன், “ஒரு ஸ்டூல் போட்டா என்ன சார்?” என்றான். அந்த ஸ்டூலுக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார அனுமதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தாங்கள் வகுப்பில் யோசித்தது சட்டமாகவே இருக்கிறது என்று அறிந்தபோது அந்தக் குழுவுக்கு வந்த பெருமிதத்தை மற்ற குழுக்களும் பார்த்தன.

இன்னொரு தாளில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த ஒருவர் இருந்தார். மூன்றாவது கேள்விக்கு எதிரே, “நான்தான் பார்த்து நின்றிருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தது. குழு பேசிக்கொண்டிருக்கும்போது வேறு குழுவில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “அந்தச் சாரத்துக்குக் கைப்பிடிக் கம்பி இருந்ததா சார்? மிதிபலகை கட்டியிருந்தார்களா?” என்று கேட்டான். தாளில் அந்த விவரம் இல்லை. மறுநாள் காலை அவன் தனியாக வந்து, “கம்பியும் இல்லை, பலகையும் கட்டலை சார். அப்பாகிட்ட கேட்டேன்” என்றான். தாள் அவனுடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் எல்லோரும், விழுந்தவர் உட்பட, அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்றே நம்பியிருந்தார்கள். அதற்கு மேல் நான் எதுவும் விளக்கவில்லை. அவர் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன்.

இந்தத் தகவலை எல்லா ஆசிரியர்களும் கையில் வைத்திருப்பது நல்லது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியங்கள் உள்ளன. பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வருபவர்களுக்கு விபத்து உதவியும், அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் இதை ஒருமுறை சொன்னால் போதும், கேட்டுக்கொண்டு வருவார்கள். தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை மேற்பார்வை செய்யும் பொறுப்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துடையது.

அதே நேரத்தில் ஓர் எல்லையும் வேண்டும். முதலாளியிடம் போய்க் கேள் என்று எந்தப் பிள்ளையையும் அனுப்பக்கூடாது. வீட்டின் வருமானம் அதில் இருக்கிறது. மாணவரே வேலைக்குச் செல்வது தாள்கள் வழியாகத் தெரியவந்தால் அது வகுப்பில் விவாதிக்கும் செய்தி இல்லை. தலைமையாசிரியரோடு சேர்ந்து தனியாகக் கையாள வேண்டியது. 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதும், 18 வயதுக்கு உட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதும் சட்டப்படி குற்றம்.

தொடக்க வகுப்புகளில்

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ‘நம் பள்ளியில் யார் யார் வேலை செய்கிறார்கள்?’ என்று தொடங்கலாம். சத்துணவுக் கூடத்தில் விறகடுப்பு இருந்தபோது சமையலருக்குக் கண் எரிந்தது, இருமல் வந்தது. எரிவாயு அடுப்பு வந்ததும் புகை போயிற்று. ‘பொருளை மாற்றினால் ஆபத்து குறையும்’ என்பதைக் குழந்தைகள் இதிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். பெரிய பாத்திரத்தை ஒருவர் தூக்குவது, இருவர் தூக்குவது, சக்கர வண்டியில் தள்ளுவது என மூன்று படங்கள் வரைந்து எது நல்லது என்று கேட்கலாம். ஐந்து படிகளின் பெயர்கள் இந்த வயதில் தேவையில்லை.

பள்ளியும் ஒரு பணியிடம்தான்

மதிப்பீட்டுக்காக நான் தேர்வு வைப்பதில்லை. ‘நம் வகுப்பறையில் வேலை செய்பவர் ஒருவருக்கு வரும் ஓர் ஆபத்தை எடுத்து, ஏணியில் குறைந்தது மூன்று படிகளுக்குத் தீர்வு எழுதுக’ என்று தருகிறேன். சென்ற ஆண்டு பாதிப் பேர் எடுத்தது ஆசிரியரின் தொண்டையைத்தான். பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஆண்களுக்கு 100 முறைக்கு மேலும் பெண்களுக்குச் சுமார் 200 முறையும் அதிர்கின்றன. நாள் முழுவதும் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினால் அவை வீங்கும், கரகரப்பு வரும். நாம் அதை ஆசிரியர் வேலையோடு வருவது என்று எடுத்துக்கொண்டு பனங்கற்கண்டைத் தேடுகிறோம். மாணவர்கள் எழுதிய தீர்வுகள்: கடகடவென்று ஓடும் மின்விசிறியைப் பழுது பார்ப்பது, இருக்கைகளை அரைவட்டமாகப் போட்டுத் தூரத்தைக் குறைப்பது, அமைதிக்குக் கத்தாமல் கைதட்டல் சைகை வைப்பது, அடுத்தடுத்து மூன்று பாடவேளை வராமல் கால அட்டவணையை மாற்றுவது. முதல் மூன்றை அந்த வாரமே செய்தோம். கால அட்டவணை பற்றித் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறோம். கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

மதிப்பிடும்போது நான் பார்ப்பது மூன்று: ஆபத்தைத் தெளிவாக இனம்கண்டாரா, தீர்வைச் சரியான படியில் வைத்தாரா, ஒன்றாவது மூன்றாம் படியிலோ அதற்கு மேலோ இருக்கிறதா. கையெழுத்துக்கும் படத்துக்கும் மதிப்பெண் இல்லை.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். ஏப்ரல் 28 பணியிடப் பாதுகாப்புக்கும் நலவாழ்வுக்குமான உலக நாள். மார்ச்சில் தேர்வு நெருக்கடி இருக்கும். ஏப்ரல் இறுதியில் பள்ளி இருக்காது. எனவே இந்த நாள்களுக்காகக் காத்திருக்காமல், இரண்டாம் பருவத்தில் வேதியியல் பாடம் நடக்கும் வாரத்திலேயே இதை எடுப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியரும் இணைந்தால் 1888 வேலைநிறுத்தத்தையும் தொழிலாளர் சட்டங்களையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். நான்கு பாடவேளைகள் இருவருக்கும் இரண்டிரண்டாகப் பிரியும்.